இறந்தோரை எண்ணுவது எப்படி? வழி மூடப்பட்ட போர்க்களங்களில் பொதுமக்களின் சாவுகளைப் பதிவு செய்தல்



இறந்தோரை அடக்கம் செய்வது இரக்கத்தின் செயல்களுள் ஒன்று என்று மறைக்கல்வி வகுப்பில் நாம் சிறுவயதிலேயே படித்திருக்கிறோம். நவம்பர் மாதத்தில் சேமக்காலைகளைத் துப்புரவு செய்து, மெழுகுதிரி ஏற்றி, கல்லறைகளை மந்திரிக்கச் செய்கிறோம். ஆனால் கல்லறையே இல்லாதவர்களை என்ன செய்வது? எங்கே இறந்தார், என்று இறந்தார், எப்படி இறந்தார் என்று எவராலும் சொல்ல முடியாதவர்களை எப்படி நினைவுகூருவது?

போர் நடக்கும் இடத்துக்குப் பத்திரிகையாளரும் தொண்டு நிறுவனத்தாரும் போகமுடியாதபடி வழிகள் அடைக்கப்படும்போது இந்தக் கேள்வி எழுகிறது. அப்படிப்பட்ட இடங்களில் பொதுமக்களின் சாவுகள் எவ்வாறு பதிவு செய்யப்பட்டன, எண்கள் ஏன் ஒன்றுக்கொன்று மாறுபடுகின்றன, இதில் திருச்சபை என்ன செய்தது, பங்குகளில் நாம் என்ன செய்யலாம் என்பவற்றை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

ஏன் எண்ண வேண்டும்?

"எண்ணினால் போனவர் திரும்பி வருவாரா?" என்று சிலர் கேட்பதுண்டு. வரமாட்டார். ஆனாலும் எண்ணுவதற்கு மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, குடும்பத்தின் உரிமை. தம் உறவினருக்கு என்ன நேர்ந்தது என்பதை அறியும் உரிமை குடும்பங்களுக்கு உண்டு என்பதை 1977ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கைகளுக்கான முதலாவது மேலதிக நெறிமுறை ஏற்றுக்கொள்கிறது. பதிவு இல்லாவிட்டால் நட்டஈடு, காணி உரித்து, பிள்ளைகளின் பள்ளிக்கூட அனுமதி என எல்லாவற்றிலும் குடும்பம் அலைக்கழிகிறது.

இரண்டாவது, நீதி. எந்த இடத்தில், எந்த நாளில், எந்த ஆயுதத்தால் எத்தனை பேர் இறந்தார்கள் என்று தெரிந்தால்தான் அது தற்செயலா, திட்டமிட்டதா என்று கேட்க முடியும்.

மூன்றாவது, உண்மை. பதிவு இல்லாத இடத்தில் வதந்தி குடியேறும். ஒரு தரப்பு "ஒருவரும் சாகவில்லை" என்னும். மறு தரப்பு வாய்க்கு வந்த எண்ணைச் சொல்லும். இரண்டும் இறந்தவர்களை அவமதிப்பதே.

விவிலியத்தில் தோபித்து, அரசனின் கோபத்துக்கு அஞ்சாமல், கொல்லப்பட்டுக் கிடந்த தன் இனத்தவரை இரவில் அடக்கம் செய்தார். அதற்காகத் தன் உடைமைகளையும் இழந்தார். தொடக்கநூலில் ஆபேல் கொல்லப்பட்டபின் காயினிடம் இறைவன் கேட்ட கேள்வி, அவனுடைய தம்பி எங்கே என்பது. காணாமற்போனவர்களின் தாய்மார் இன்றும் கேட்பது அதே கேள்வியைத்தான்.

வன்னி: ஒரு நிலம், பல எண்கள்

எமது மக்களுக்கு நேரடியாகத் தெரிந்த எடுத்துக்காட்டு வன்னி. 2008 செப்டெம்பரில் இலங்கை அரசின் உத்தரவின்படி ஐ.நா. நிறுவனங்களும் பெரும்பாலான பன்னாட்டுத் தொண்டு நிறுவனங்களும் கிளிநொச்சியை விட்டு வெளியேறின. சுயாதீனமான ஊடகவியலாளர்களுக்கு அனுமதி இல்லை. செஞ்சிலுவைச் சங்கம் மட்டும் 2009 பெப்ரவரி முதல் மே தொடக்கம் வரை கடல் வழியாக நோயாளரையும் காயப்பட்டோரையும் அவர்களுடன் சென்றோரையும் ஏற்றி வந்தது. அவர்களின் தொகை ஏறத்தாழ 14,000. விடுதலைப் புலிகளோ மக்களை வெளியேற விடாமல் தடுத்தார்கள்; தப்பிச் சென்றவர்கள் மீது சுட்டதையும் ஐ.நா. நிபுணர் குழு பதிவு செய்தது. வெளியிலிருந்து உள்ளே போக ஒரு தரப்பு விடவில்லை; உள்ளிருந்து வெளியே வர மறு தரப்பு விடவில்லை.

உள்ளே எத்தனை பேர் இருந்தார்கள் என்பதிலேயே முதல் சிக்கல் தொடங்கியது. 2009 தொடக்கத்தில் ஏறத்தாழ 70,000 பேரே இருப்பதாக அரசு கூறியது. போர் முடிந்தபோது முகாம்களுக்கு வந்து சேர்ந்தவர்களின் தொகை 280,000ஐத் தாண்டியது. உயிரோடிருப்பவர்களையே சரியாக எண்ணாத இடத்தில் இறந்தவர்களை எப்படி எண்ணுவது? உள்ளே இருப்போரின் தொகையைக் குறைத்துச் சொன்னால், அனுப்பப்படும் உணவும் மருந்தும் குறைந்துவிடும் என்பதையும் நாம் மறக்கக்கூடாது.

இந்த நிலையில் கொழும்பிலிருந்த ஐ.நா. அலுவலர்கள் ஒரு கணக்கை வைத்தார்கள். வன்னியில் பணியாற்றிய பிராந்திய சுகாதார அதிகாரிகளின் தொகைகளை அடிப்படையாக எடுத்துக்கொண்டார்கள். உள்ளே அகப்பட்டிருந்த உள்ளூர்ப் பணியாளர்கள், செஞ்சிலுவைச் சங்கம், குருக்கள், துறவியர் ஆகியோர் கூறியவற்றோடு அதை ஒப்பிட்டார்கள். மூன்று மூலங்களால் உறுதி செய்ய முடியாத சம்பவத்தையும், இருமுறை எண்ணப்பட்டிருக்கலாம் என்ற ஐயமுள்ள சம்பவத்தையும் விட்டுவிட்டார்கள். போரிட்ட தரப்புகளின் ஊடகங்கள் கூறியதைச் சேர்க்கவில்லை. இப்படிக் கிடைத்த எண்: 2008 ஓகஸ்ட் முதல் 2009 மே 13 வரை 7,721 பேர் கொல்லப்பட்டனர், 18,479 பேர் காயமடைந்தனர்.

இந்த எண்ணைப் பலர் மொத்தக் கணக்கென்று தவறாக எடுத்துக்கொள்கிறார்கள். அது அடித்தளம் மட்டுமே. யாராவது கண்டு, எவருக்காவது சொல்லி, மூன்று வாய்கள் ஒத்துப்போன சாவுகள் மட்டுமே அதில் உள்ளன. பதுங்குகுழியில் குடும்பத்தோடு புதைந்தவர்கள் அதில் இல்லை. மருத்துவமனைக்குக் கொண்டுவரப்படாதவர்கள் இல்லை. எண்ணிக்கை நின்ற மே 13க்குப் பின் வந்த ஐந்து நாள்களும் அதில் இல்லை; மிகக் கொடிய நாள்கள் அவைதான். எனவேதான் ஐ.நா. செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழு, 2011 மார்ச்சில் கையளித்த அறிக்கையில், 40,000 வரையான பொதுமக்கள் சாவுகளை மறுதலிக்க முடியாது என்று எழுதியது. 2012 நவம்பரில் வெளியான ஐ.நா.வின் உள்ளக மீளாய்வு அறிக்கை, 70,000க்கும் மேற்பட்டோர் கணக்கில் வராதிருப்பதைச் சுட்டிக்காட்டியது.

உள்ளேயிருந்து தகவல் தந்த அரச மருத்துவர்கள் போர் முடிந்ததும் தடுத்து வைக்கப்பட்டார்கள். 2009 யூலையில் ஊடகவியலாளர் முன் நிறுத்தப்பட்டு, தாம் முன்பு சொன்ன எண்கள் மிகைப்படுத்தப்பட்டவை என்று கூறினார்கள். கட்டுக்காவலில் இருக்கும் ஒருவர் தன் வாக்கை மாற்றினால், எந்த வாக்கை நம்புவது? சொன்ன நேரம், சொன்ன இடம், சொன்னவரின் நிலை ஆகிய மூன்றையும் பதிவேட்டில் குறிக்க வேண்டியது இதனால்தான்.

மன்னார் ஆயரின் கழித்தல் கணக்கு

2011 சனவரியில் கற்றுக்கொண்ட பாடங்களுக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழுவின் முன் மன்னார் ஆயர் மேதகு இராயப்பு யோசேப்பு ஆண்டகை எழுத்துமூலம் ஒரு கணக்கைச் சமர்ப்பித்தார். தன் சொந்த மதிப்பீடு எதையும் அவர் முன்வைக்கவில்லை. அரச அலுவலகங்களின் எண்களையே எடுத்தார். 2008 ஒக்டோபர் தொடக்கத்தில் முல்லைத்தீவு, கிளிநொச்சி மாவட்டங்களில் இருந்தோர் 429,059 பேர். 2009 யூலை 10 வரை அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தோர் 282,380 பேர். எஞ்சிய 146,679 பேருக்கு என்ன நேர்ந்தது என்று அவர் கேட்டார்.

இந்த எண்ணை நாம் கவனமாகக் கையாள வேண்டும். இத்தனை பேர் இறந்தார்கள் என்று ஆயர் சொல்லவில்லை. கணக்கில் வராதவர்கள் இத்தனை பேர் என்றே சொன்னார். பதிவில்லாமல் வெளியேறியவர்கள், படகேறிப் போனவர்கள், போரிட்டவர்கள், முதல் கணக்கிலேயே இருமுறை எழுதப்பட்டவர்கள் என்று பலரும் அந்த இடைவெளியில் இருக்கலாம். ஆனால் இந்த இடைவெளியை விளக்க வேண்டிய பொறுப்பு ஆட்சியாளருக்கு உரியது. அரசின் எண்ணாலேயே அரசைக் கேள்வி கேட்டதுதான் இந்தக் கணக்கின் வலிமை. இதற்காக அவர் பின்னர் புலனாய்வுத் துறையினரின் விசாரணைக்கும் உள்ளானார். 2021 ஏப்பிரல் 1ஆம் நாள் இறைவனடி சேரும்வரை அந்தக் கேள்வியை அவர் கைவிடவில்லை.

பதிவு செய்தவர்களில் சிலர் உயிரையே விலையாகக் கொடுத்தார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆசிரியர்களின் மனித உரிமை அமைப்பைச் சேர்ந்த மருத்துவ விரிவுரையாளர் ரஜனி திராணகம 1989 செப்டெம்பர் 21இல் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த அமைப்பு எல்லாத் தரப்பினரின் கொலைகளையும் எழுதியது. கிளிநொச்சியில் இயங்கிய வடக்கு கிழக்கு மனித உரிமைகள் செயலகத்தின் தலைவராயிருந்த அருட்தந்தை எம். எக்ஸ். கருணாரட்ணம் 2008 ஏப்பிரல் 20, ஞாயிற்றுக்கிழமை, கிளைமோர்த் தாக்குதலில் கொல்லப்பட்டார். அந்தச் செயலகம் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதியில் இயங்கியதால் அதன் சுயாதீனம் பற்றிய கேள்விகள் எழுந்தன என்பதும் உண்மை. பதிவு செய்பவர் எவருடைய நிழலில் நிற்கிறார் என்பதையும் உலகம் பார்க்கும்.

எல் சல்வதோர்: மறையுரையில் வாசித்த பெயர்கள்

மத்திய அமெரிக்காவில் திருச்சபை ஆற்றிய பணி இதில் முன்னோடியானது. சான் சல்வதோர் பேராயர் புனித ஒஸ்கார் ரொமேரோ தம் ஞாயிறு மறையுரையில் அந்த வாரம் கொல்லப்பட்டோர், காணாமற்போனோரின் விவரங்களை வாசித்தார். மறைமாவட்ட வானொலி அதை நாடெங்கும் கொண்டு சென்றது. அவருடைய சட்ட உதவி அலுவலகம் சரிபார்த்துக் கொடுத்த விவரங்கள் அவை. 1980 மார்ச் 24இல் திருப்பலி ஒப்புக்கொடுக்கும்போது அவர் சுடப்பட்டார். 2018இல் புனிதராக உயர்த்தப்பட்டார்.

1981 டிசம்பரில் எல் மொசோத்தே என்ற கிராமத்திலும் அதன் சுற்றுப்புறத்திலும் படையினர் மக்களைக் கொன்றார்கள். 1982 சனவரியில் இரு அமெரிக்க நாளேடுகளின் செய்தியாளர்கள் அங்கே போய் எழுதினார்கள். சல்வதோர் அரசு மறுத்தது. அமெரிக்க அரசும் படுகொலைக்குச் சான்றில்லை என்றது; அதன் தூதரகத்தினரால் அந்தக் கிராமத்துக்குள் போகவே முடிந்திருக்கவில்லை. போகாத இடத்தில் சான்று கிடைக்காதது வியப்பல்ல! உயர்மறைமாவட்டத்தின் மனித உரிமை அலுவலகமோ தப்பியவர்களின் வாக்குமூலங்களைப் பொறுமையாகச் சேர்த்தது. தன் பிள்ளைகளைப் பறிகொடுத்து, மரங்களுக்குப் பின்னால் ஒளிந்து தப்பிய ரூபினா அமாயா என்ற தாயின் சாட்சியம் அதில் முக்கியமானது. 1992இல் ஆர்ஜென்ரீனாவின் தடயவியல் குழுவினர் கோயிலருகே இருந்த குருமனையின் இடிபாடுகளைத் தோண்டினார்கள். குறைந்தது 143 பேரின் எச்சங்கள் கிடைத்தன. அவர்களில் 131 பேர் 12 வயதுக்குட்பட்ட குழந்தைகள். பத்து ஆண்டுகளாகப் பொய்யென்று சொல்லப்பட்டதை மண் மெய்ப்பித்தது.

குவாத்தமாலா: ஆயரின் உயிர்

குவாத்தமாலாவில் 1995இல் ஆயர் ஹுவான் ஹெரார்தியின் தலைமையில் வரலாற்று நினைவை மீட்கும் திட்டத்தைத் திருச்சபை தொடங்கியது. பங்குகளிலிருந்து தேர்ந்து பயிற்றப்பட்ட நூற்றுக்கணக்கான பொதுநிலையினர் மலைக்கிராமங்களுக்கு நடந்தே போனார்கள். மாயா மக்களின் சொந்த மொழிகளிலேயே வாக்குமூலம் பெற்றார்கள். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குமூலங்களில் 50,000க்கும் அதிகமான பாதிக்கப்பட்டோர் பற்றிய விவரம் சேர்ந்தது. யார் எப்போது செய்தார் என்பதோடு அவர்கள் நிற்கவில்லை. அந்த இழப்பு உங்களை என்ன செய்தது, அதை எப்படித் தாங்கினீர்கள் என்றும் கேட்டார்கள். பலருக்கு அழுவதற்குக் கிடைத்த முதல் வாய்ப்பு அதுதான்.

1998 ஏப்பிரல் 24இல் நான்கு தொகுதிகள் கொண்ட அறிக்கை பேராலயத்தில் வெளியிடப்பட்டது. இரண்டு நாள் கழித்து ஆயர் தம் குருமனையில் அடித்துக் கொல்லப்பட்டார். இராணுவத்தினர் மூவர் 2001இல் தண்டிக்கப்பட்டனர். பேராலயத்தின் முன்னுள்ள தூண்களில் பாதிக்கப்பட்டோரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. திருப்பலிக்குப் போகிறவர்கள் அந்தப் பெயர்களைக் கடந்துதான் போகிறார்கள்.

பொஸ்னியா: எண் குறைந்தபோது

பொஸ்னியாவில் 1992 முதல் 1995 வரை நடந்த போரில் இரண்டு இலட்சம் பேர் இறந்ததாகப் பலகாலம் சொல்லப்பட்டது. சரயேவோவிலுள்ள ஆய்வு நிலையம் ஒன்று பெயர் பெயராகத் தேடிச் சேர்த்தது. 2013இல் நூலாக வந்தபோது அதில் 95,940 பெயர்கள் இருந்தன. அவர்களில் 38,239 பேர் பொதுமக்கள். எண் குறைந்ததால் முதலில் பலர் கோபப்பட்டார்கள். ஆனால் மிகைப்படுத்திய எண்ணை மறுக்க எதிரிக்கு ஒரு நாள் போதும்; பெயரும் பிறந்த ஆண்டும் ஊரும் உள்ள பட்டியலை மறுப்பது கடினம். இறந்தோரின் மாண்பைக் காக்க எண்ணை ஊதிப் பெருக்கத் தேவையில்லை. இது எமக்கும் பொருந்தும் பாடம்.

பட்டியல் வேறு, மதிப்பீடு வேறு

பெயரோடு உறுதிசெய்யப்பட்டோரின் தொகை ஒன்று. பெயர் தெரியாதோரையும் சேர்த்து ஊகித்துக் கணக்கிடும் தொகை இன்னொன்று. இந்த ஊகம் மனம்போன போக்கில் செய்யப்படுவதன்று. எளிய எடுத்துக்காட்டு ஒன்றைக் கற்பனை செய்வோம். ஓர் ஊரில் பங்குத்தந்தையின் பட்டியலில் 100 பெயர்கள். மருத்துவமனைப் பட்டியலில் 80 பெயர்கள். இரண்டிலும் உள்ளவை 40 பெயர்கள். மருத்துவமனைப் பட்டியலில் பாதிப்பேரே பங்குப் பட்டியலில் இருப்பதால், பங்குப் பட்டியல் மொத்தச் சாவுகளில் ஏறத்தாழப் பாதியைத்தான் பிடித்திருக்கிறது. ஆகவே மொத்தம் ஏறத்தாழ 200. பெயர் தெரிந்தோர் 140 பேர்; எந்தப் பட்டியலிலும் இல்லாதோர் 60 பேர்.

ஒரு பட்டியலைப் பார்த்து மற்றதை எழுதியிருந்தால் இந்தக் கணக்குப் பிழைத்துவிடும். ஆகவே வல்லுநர்கள் மூன்று, நான்கு பட்டியல்களை வைத்து ஒப்பிடுகிறார்கள். குவாத்தமாலாவில் திருச்சபையின் பட்டியல் இவ்வாறுதான் பயன்பட்டது. சிரியாவில் 2011 மார்ச் முதல் 2021 மார்ச் வரை பெயரோடு பதிவான பொதுமக்கள் சாவுகள் 143,350, இம்முறையால் ஐ.நா. மனித உரிமை அலுவலகம் கணித்த மொத்தம் 306,887. வன்னியில் 2009 மே 17 முதல் 19 வரை சரணடைந்து காணாமற்போனோர் பற்றி 2018இல் செய்யப்பட்ட இத்தகைய கணிப்பு, அத்தொகை ஏறத்தாழ 500 என்றது. சிறு பட்டியல் ஒன்றுகூட வீணாவதில்லை என்பதை இதிலிருந்து அறிகிறோம்.

நல்ல பதிவுக்கு வேண்டியவை

2016இல் வெளியான பன்னாட்டுத் தர நெறிகளும் 2019இல் ஐ.நா. வெளியிட்ட வழிகாட்டலும் கூறுவதை எமது சூழலுக்கேற்பச் சுருக்கித் தருகிறோம்.

1. பெயரை முழுமையாக எழுதுங்கள். தமிழரிடையே தலைப்பெழுத்து, தந்தை பெயர், திருமுழுக்குப் பெயர், வீட்டில் அழைக்கும் பெயர் என்று பல உண்டு. ஒரே ஊரில் நான்கு அந்தோனிப்பிள்ளைகள் இருப்பார்கள். ஒரே ஆள் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் வேறு வேறு எழுத்துக்கூட்டலில் மூன்று ஆளாகிவிடுவார். தாய் தந்தை பெயர், பிறந்த ஆண்டு, அடையாள அட்டை எண், சொந்த ஊர் ஆகியவை இந்தக் குழப்பத்தைத் தீர்க்கும்.

2. நாள், இடம், நேரம், சாவின் காரணம் ஆகியவற்றைத் தனித்தனியே குறியுங்கள். நாள் நினைவில்லை என்றால் திருநாளை வைத்துக் கேளுங்கள்: சாம்பல் புதனுக்கு முன்பா, பெரிய வெள்ளிக்குப் பின்பா?

3. கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் பிரித்து எழுதுங்கள். சொன்னவர் யார், எப்போது சொன்னார் என்பதைக் குறியுங்கள்.

4. இறந்தவரையும் காணாமற்போனவரையும் ஒரே பட்டியலில் கலக்காதீர்கள். மகன் உயிரோடிருக்கிறான் என்று காத்திருக்கும் தாயிடம் மரணச் சான்றிதழை நீட்டுவது அவளுக்கு இரண்டாவது அடி. இலங்கையில் 2016இல் காணாமற்போனோருக்கான சான்றிதழுக்குச் சட்டம் வழிவகுத்தது இதனால்தான்.

5. பொதுமகனா, ஆயுதம் ஏந்தியவரா என்று ஊகிக்காதீர்கள். கட்டாயமாகப் பிடித்துச் செல்லப்பட்ட பிள்ளையானால் அதையும் எழுதுங்கள். எந்தத் தரப்பு கொன்றிருந்தாலும் ஒரே அளவுகோலைப் பயன்படுத்துங்கள்.

6. சொல்பவரின் சம்மதமும் பாதுகாப்பும் முதலில். ஒரு பெயரை வெளியிடுவதால் உயிரோடிருக்கும் ஒருவருக்குத் தீங்கு வருமானால் வெளியிடாதீர்கள்.

7. பிரதிகளைப் பல இடங்களில் வையுங்கள். 2013இல் சான் சல்வதோரில் அந்த மனித உரிமை அலுவலகத்தை உயர்மறைமாவட்டமே மூடியபோது, சேர்த்த கோப்புகளுக்கு என்ன ஆகும் என்று குடும்பங்கள் கலங்கின. ஆவணம் ஓர் அலுவலகத்தின் சொத்தல்ல, சொன்னவர்களின் சொத்து.

எமது பங்குகளில்

திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றின் பதிவேடுகளை நூற்றாண்டுகளாக வைத்திருப்பது திருச்சபை. அரச செயலகம் எரிந்தாலும், ஊரே இடம்பெயர்ந்தாலும், எங்கோ ஒரு பங்கில் ஒருவருடைய பெயர் மையால் எழுதப்பட்டிருக்கும். அவர் பிறந்தார், வாழ்ந்தார் என்பதற்கு அதுவே சான்று. இந்தப் பதிவேடுகளைக் கறையானிடமிருந்தும் ஈரத்திலிருந்தும் காத்து, படம் பிடித்து வைப்பது முதல் பணி.

அடுத்தது, முதியோர் போகுமுன் கேட்டு எழுதுவது. 2009இல் நாற்பது வயதிலிருந்த சாட்சி இன்று ஐம்பதைக் கடந்துவிட்டார். அன்பியக் கூட்டங்களில், கட்டாயப்படுத்தாமல், சொல்ல விரும்புவோரின் இழப்புகளைக் கேட்கலாம். கேட்கும்போது அழுகை வரும், அவசரப்படக்கூடாது. பக்கத்து ஊரின் இந்து, இஸ்லாமியக் குடும்பங்களின் இழப்பையும், எல்லைக் கிராமங்களின் சிங்களக் குடும்பங்களின் இழப்பையும் அதே மரியாதையோடு கேட்க வேண்டும். ஐ.நா. மனித உரிமைப் பேரவை 2021 மார்ச்சில் நிறைவேற்றிய தீர்மானம் இலங்கை தொடர்பான சான்றுகளைச் சேகரித்துப் பாதுகாக்க வழிசெய்தது. ஆனால் ஜெனீவாவில் எவ்வளவு பெரிய பேழை வைத்தாலும், அதில் இடவேண்டிய சாட்சியம் எமது வீடுகளில்தான் இருக்கிறது.

ஆயன் தன் ஆடுகளைப் பெயர் சொல்லி அழைக்கிறார் என்று நற்செய்தி எமக்குக் கற்பிக்கிறது. தொண்ணூற்றொன்பது இருக்கிறதே என்று அவர் திருப்தியடையவில்லை. ஒன்று குறைந்ததை அறிந்தார், ஏனெனில் அவர் எண்ணியிருந்தார். பெயர் தெரிந்தோருக்காக மன்றாடுவதோடு, பெயர் இன்னும் எழுதப்படாதோரின் பெயர்களைத் தேடும் மனவுறுதியையும் ஆண்டவர் எமக்குத் தருவாராக.